அமானிதமாக வைத்தது

மண்வெட்டி பலகையில் இடித்த சத்தம், பாதையோரம் காரை ஒட்டி நின்றிருந்த மாஹிராவுக்கு நன்றாகவே கேட்டது. கபர் தோண்டும் இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. மாஹிரா தலைநகர் பாக்கூவில் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், தனியாக வாழ்கிறவள், இப்படிப்பட்ட வழக்கங்களைக் கேட்டால் உதட்டைச் சுழித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகிறவள். இன்றைக்கு மட்டும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்ட நல்ல பெண்ணாக நின்றுகொண்டாள். அம்மாவை மண்ணிலிருந்து வெளியே எடுப்பதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. வழக்கம் சாக்காக வாய்த்தது. கையில் புதுக் கஃபன் துணியை மடித்து வைத்துக்கொண்டு, உப்புப் பூத்துக் கிடந்த சமவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றுவிட்டது. கூலியாட்கள் பேசிக்கொள்ளும் குரல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வேனின் பின்புறத்தில் பெட்டியை வைப்பதற்காகக் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள். தம்பி மனைவி விடியற்காலையிலிருந்து வெண்ணெயில் மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள், இறந்தவர்களுக்கான அல்வா. எல்லாம் தயாராக இருந்தது. தம்பி ஷிர்ஸாத் கபர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து அவளை நோக்கி நடந்து வந்தான். பெரிய உடம்புக்காரன், எப்போதும் தடதடவென்று நடக்கிறவன், இப்போது கால் வைக்க இடம் தெரியாதவனாக வந்தான். கையில் ஒரு துண்டு மரம் இருந்தது.

"அக்கா, இது அம்மா இல்ல."

"என்னடா உளர்றே?"

"பலகையைப் பாரு. வெள்ளை மரம். ஆப்பிள் பெட்டிப் பலகை. அம்மாவுக்கு நான் அடிச்ச மூடி இதுவா? உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அந்த மூடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தவளே அவள்தான்.

சண்டை மூண்டு துத்லுகயா கிராமத்திலிருந்து டிராக்டர் பெட்டியில் ஏறித் தப்பி வந்த அந்தக் கோடையில், இந்தச் சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களை இறக்கிவிட்டார்கள். வகுப்பறைக்கு நான்கு குடும்பம், நடுவில் போர்வைகளைத் தொங்கவிட்ட தடுப்பு. அப்போது மாஹிரா மொழி டீச்சர். குடும்பங்கள் குடியிருந்த அதே அறையில் காலையில் பாடமும் நடத்தினாள். முதல் குளிர்காலத்திலேயே அம்மா சயாலிக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருந்து வந்து சேருமுன் போய்விட்டாள். சாவதற்கு முந்தின நாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஊருக்குக் கிளம்பறப்போ என்னையும் கிளப்பிக் கூட்டிட்டுப் போங்க, இந்த உப்புல விட்டுட்டுப் போகாதீங்க" என்றாள். அப்பா பெஹ்புத் சண்டைக்கு வெகு முன்னாலேயே இறந்து, ஊரில் முசுக்கட்டை மரத்தடியில் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, சுற்றிலும் கல் பதித்து வைத்திருந்தாள் அம்மா. யாரும் காலை வைத்துவிடக் கூடாதே என்று அதில் துளசிச் செடிகூட நட்டிருந்தாள்.

ஆகவே அவளை அமானிதமாக, பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும் அடைக்கலமாக, வைப்பது என்று முடிவானது. அகதியாக வந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வழக்கமாகக் கஃபனில் சுற்றிய உடலை நேராக மண்ணில் வைத்துவிடுவார்கள். பிறகு எடுக்க வேண்டுமென்றால் பெட்டி வேண்டும். பெட்டிக்கு மரம் எங்கே போவது? பெஞ்சுகளை எல்லாம் ஜனங்கள் குளிருக்கு எரித்துவிட்டிருந்தார்கள். மாஹிரா எழுந்து போய்க் கரும்பலகையின் திருகுகளைக் கத்தி முனையால் கழற்றினாள். தலைமை ஆசிரியர் பார்த்தும் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷிர்ஸாத் அதை அறுத்து மூடியாக அடித்தான். ஆண்கள் கொண்டுபோய் வைத்தார்கள். முல்லா குழிமேட்டில் நின்று மண்ணிடம் சொன்னாராம்: இவளை உனக்குக் கொடுக்கவில்லை, உன்னிடம் வைத்திருக்கிறோம், ஊர் திரும்பும்போது வந்து வாங்கிக்கொள்வோம். அப்படிச் சொல்லி வைத்ததை மண் தின்னாது என்பது ஜனங்களின் நம்பிக்கை. மாஹிரா அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் இத்தனை வருஷங்களில் ஒரு தடவைகூட அவள் வாய் அம்மாவைப் 'புதைத்தோம்' என்று சொன்னதில்லை. 'வைத்திருக்கிறோம்' என்றுதான் சொல்லும்.

இப்போது ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது. ஷிர்ஸாத்துக்கு அங்கே புது வீட்டுச் சாவியும் கொடுத்தாயிற்று. கபர்ஸ்தானில் கண்ணிவெடிகளை அகற்றிவிட்டதாகச் செய்தி வந்ததும் அக்காவும் தம்பியும் முதலில் அங்கேதான் ஓடினார்கள். அப்பாவின் தலைக்கல் உடைந்து கிடந்தது. முசுக்கட்டை மரம் வெறும் அடிக்கட்டை. ஆனால் அம்மா பதித்த கற்கள் புல்லுக்கடியில் வரிசை குலையாமல் இருந்தன. அந்தக் கற்களுக்கு நடுவே மாஹிரா உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வெகுகாலத்துக்குப் பின் அழுத நல்ல அழுகை அது.

"தலைமாட்டுல நட்ட பேர்த் தகரம் அம்மா பேர்லதானே இருந்துச்சு?" என்றாள் இப்போது.

"தகரத்தை என்ன சொல்றது? குர் ஆறு உடைச்சுக்கிட்டு வந்த வருஷம் எல்லாத் தகரமும் சேத்துல கெடந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் நாங்க நாலு பேரு சேர்ந்து ஞாபகத்துல நட்டோம். ஞாபகத்துலதானே, அக்கா..." ஷிர்ஸாத் சட்டென்று நிறுத்தினான். கையிலிருந்த மரத்துண்டைக் கீழே போட்டான். "ஐயோ. தப்திக்."

"எந்தத் தப்திக்?"

"சஃபரலி பெரியப்பா மகன். நம்ம வகுப்பறையிலயே தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாங்களே. நுபார் பெரியம்மாவும் அம்மாவும் ஒரே வாரத்துல போனாங்க, பக்கத்துப் பக்கத்துலதான் வெச்சோம். போன இலையுதிர்காலத்துல அவங்க வந்து பெரியம்மாவை எடுத்துட்டு அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. தப்திக் டீக்கடையில உக்காந்து வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொன்னான். மூடி கறுகறுன்னு இருந்துச்சு, பளபளன்னு இருந்துச்சு, மண்ணு தொடவே இல்லன்னு. எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். நானும் தலையாட்டினேன்." கீழே போட்ட மரத்துண்டைக் காலால் தள்ளினான். "அந்த அல்வாவை நானும் தின்னேன், அக்கா."

மாஹிரா காரின் கதவைத் திறந்து கஃபன் துணியை உள்ளே வைத்தாள். அம்மா இங்கே இல்லை. அம்மா ஏற்கெனவே கிளம்பிப் போய்விட்டாள், அவள் பெறாதவர்களுடன், பார்த்தே இராத ஒரு ஊருக்கு.

முல்லா தாடியிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், ஆனால் வெயிலில் பசி வந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "உள்ள இருக்கற அம்மாவும் அமானிதம்தான். திறந்ததை அப்படியே விடக் கூடாது. ஒண்ணு எடுக்கணும், இல்லாட்டி மூடணும். நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார்.

"அங்க போய் எங்கம்மாவைக் கேட்டு வாங்கிட்டு, இவங்களை அவங்ககிட்ட கொடுத்துட்டா?" என்று கேட்டாள் மாஹிரா.

"அவங்க அங்க அடக்கி, மண்ணுகிட்ட ஒப்படைச்சாச்சுன்னு சொல்லியிருப்பாங்க, டீச்சர். அப்ப அது அமானிதம் இல்ல, கபர். கபரைத் திறக்கறது லேசுப்பட்ட விஷயமில்ல. அந்த சஃபரலி பெரியவர் மனசார சம்மதிச்சா, நான் மேலிடத்துல கேட்டுப் பார்க்கறேன். அவர் வேண்டாம்னா வேண்டாம்தான்."

அவர் நகர்ந்ததும் ஷிர்ஸாத் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே. இந்த அம்மாவைக் கொண்டுபோய் அப்பா பக்கத்துல வெச்சுடுவோம். கல்லுல அம்மா பேரை எழுதிடுவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் மாஹிரா.

"ஆமா, நீதான் எல்லாத்துக்கும் வேரைத் தோண்டறவளாச்சே. தோண்டு, போய்த் தோண்டு!" என்று கத்திவிட்டு, அவன் வேனில் விரித்திருந்த கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தான். பாதி சுருட்டியவன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் ஒரு வாடகைக் காரைப் பிடித்து சரிபுலாக்குக்குக் கிளம்பினாள். சஃபரலியின் ஊர் அது, மலைப்பக்கம். வழி முழுக்கப் புதுத் தார்ச்சாலை, இரண்டு ஓரமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டான்.

அலுவலக மேஜையில் பாதியில் விட்டுவந்த வேலை மனதுக்குள் புகுந்துகொண்டது. துக்கத்தின்போது மனசு இப்படித்தான், பழகின மாட்டுக் கொட்டிலுக்குப் போய் நின்றுகொள்ளும். பெரிய அகராதியின் புதுப் பதிப்பில் அவள் பங்குக்கு வந்த வினைச்சொல் கோச்மெக். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சொல். மூட்டை கட்டிக் குடிபெயர்வது. அதன் பழைய பொருள் மேய்ச்சல்காரர்களுடையது: வெயில் ஏறியதும் கூடாரத்தைச் சுருட்டி, கம்பளத்தையும் அண்டாவையும் ஒட்டகத்தில் ஏற்றி, மந்தையை முன்னே விட்டு மலைக்குப் போவது, பனி விழுமுன் கீழே இறங்கி வருவது. வேரைத் தேடிப் போனால் அல்தாய் மலை வரைக்கும் சொந்தக்காரச் சொற்கள் இருக்கின்றன. அதற்கப்பால் புகைமூட்டம், ஆளுக்கொரு ஊகம். பிறகு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதற்கும் அந்த வினையிலிருந்து பிறந்த சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஒரு தாளில் இருப்பதைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதுவதற்கும் அதே. கௌரவமாகச் செத்துப்போவதற்கும் அதே. கடைசியில் அவள் கண் முன்னாலேயே ஒரு புதுப் பொருள் முளைத்தது: கோச்கூன், விரட்டப்பட்டவர். அரசாங்கம் கொடுத்த அட்டையில் அவள் பெயருக்கு மேலே அச்சடித்திருந்த சொல்.

பிரிவுத் தலைவர் நேற்று முன்தினம் அவள் மேஜைக்கே வந்திருந்தார். "கடைசி உதாரண வாக்கியம் கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டும், மாஹிரா மேடம்" என்று சொல்லி, தானே ஒன்றை எழுதியும் வைத்துவிட்டார்: குடும்பங்கள் பிறந்த மண்ணுக்குக் குடிபெயர்ந்தன. அவள் அதை அடிக்கவில்லை. உண்மையில் அவளுக்கே அது பிடித்திருந்தது. மேய்ச்சல்காரனின் வினைக்குள் போவதும் இருக்கிறது, திரும்பி வருவதும் இருக்கிறது. மேலே ஏறினவன் பனிக்காலத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறையிலும், பிறகு பாக்கூவில் விடுதி அறையிலும், அவள் அந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினாள். நாங்கள் விரட்டப்பட்டவர்கள் இல்லை, மேய்ச்சலுக்குப் போயிருக்கிறோம், அவ்வளவுதான் என்று.

ஒரு வளைவில் ஆளில்லாத கிராமம் ஒன்று வந்தது. சமீபத்தில் காலியானது, ஜன்னல் ஒன்றில் திரைச்சீலைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, முற்றத்துக் கொடியில் ஒரு துணிக்கவ்வி. போனவர்கள் சண்டையில் எதிர்ப்பக்கத்துக்காரர்கள். அவர்களுடைய மொழியிலும் இந்தச் சொல் கடனாகப் போய்க் குடியிருப்பதை மாஹிரா தன் கையாலேயே குறித்து வைத்திருந்தாள். அவர்களும் அவரவர் பெட்டி சட்டியைக் கட்டிக்கொண்டு இதே சொல்லைச் சொல்லித்தான் கிளம்பியிருப்பார்கள். யார் வீட்டுத் திரை, யார் வீட்டுக் கொடி என்று சொல் கேட்பதில்லை. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சரிபுலாக்கில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி, ஒரே சிவப்புக் கூரை. கபர்ஸ்தான் மேட்டின்மேல் இருந்தது. பழைய கற்கள் உடைந்தும் சாய்ந்தும் கிடக்க, அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு புதுக் கறுப்புக் கல் மினுங்கியது. அதில் பூப்போட்ட முக்காட்டோடு ஒரு பெண்ணின் முகத்தைச் செதுக்கியிருந்தார்கள். பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துச் செய்தது, ஆகவே முகத்தில் லேசான எரிச்சல். நுபார், என்று எழுதியிருந்தது. கல்லுக்கு எதிரே பெஞ்சில் கம்பளித் தொப்பியோடு ஒரு கிழவர் உட்கார்ந்து, அந்த எரிச்சல் முகத்திடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

மாஹிராவுக்கு அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த சஃபரலி, தடுப்புப் போர்வைக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர். மனைவி போன பின் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். தட்டை நீட்டினால் தின்பார், இல்லாவிட்டால் கேட்கவும் மாட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு 'ஆணி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், சுவரில் அடித்த ஆணி.

"யாரது? சயாலி மகளா? டீச்சரா! அட, வா கண்ணு, உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்!" ஆணி எழுந்து கையை விரித்தது. "தப்திக்! டேய் தப்திக்! டீ கொண்டா, சீமைமாதுளம்பழ ஜாம் கொண்டா, ஆள் வந்திருக்கு! நுபார், யாரு வந்திருக்கா பாரு."

மேட்டுக்குக் கீழிருந்து வந்த தப்திக் மாஹிராவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். தலை நரைத்த, நெடிய மனிதன். கண்ணாடித் தம்ளர்கள் அவன் கைத்தட்டில் கிணுகிணுத்தன.

கிழவர் பேசிக்கொண்டே இருந்தார். "தினம் வந்துடுவேன். உயிரோட இருக்கறப்ப என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டா இவ, நான் வாயைத் தொறந்தா இவ முடிச்சு வைப்பா. இப்பதான் ஒழுங்கா கேட்டுக்கறா. அத்தனை வருஷம் சேர்த்து வெச்சிருக்கேன், சொல்லி முடிக்க வேணாமா?" தம்ளரில் சர்க்கரைக் கட்டியை நனைத்து வாயில் போட்டுக்கொண்டார். "கண்ணு, நீ படிச்சவ, நம்ப மாட்டே. பெட்டியைத் தூக்கினப்ப மூடி மின்னுச்சு. மண்ணு சொன்ன சொல்லைக் காப்பாத்திருச்சு. மனுஷன் காப்பாத்தல, சர்க்காரு காப்பாத்தல, மண்ணு காப்பாத்திருச்சு பாரு." பெஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவில் காலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். "என் இடம் இது. ஒரு சாண்கூடத் தள்ளி வெக்கக் கூடாதுன்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

பெரியப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு. இதுதான் மாஹிரா வழி முழுக்கத் தயார் செய்து வந்த வாக்கியம். அடுத்த வாக்கியமும் தயாராக இருந்தது, அதற்கடுத்ததும். வாயைத் திறந்தாள். கல்லுக்கடியில் அம்மா கிடக்கிறாள், ஒரு கை ஆழத்தில் இல்லை, ஆனால் எட்டாத ஆழமும் இல்லை. அவள் மேல் இன்னொருத்தி முகம். தடுப்புக்கு அந்தப் பக்கத்து ஆண்களுக்கு முன்னால் முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசின அம்மா. அவளுக்குப் பக்கத்தில் இந்த அந்நிய மனிதர் வந்து படுக்கப்போகிறார், காலமெல்லாம் கதை சொல்லப்போகிறார். மாஹிராவுக்கு ஒரு கணம் கிழவரின் மேல் கொலைவெறியே வந்தது. அடுத்த கணம் அவர் தன் தட்டிலிருந்த ஜாமில் பெரிய துண்டாக எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"டீச்சர், ஊத்துத் தண்ணி பார்க்கலையே நீங்க" என்றான் தப்திக். "வாங்க, காட்டறேன்."

ஊற்று மேட்டுக்குப் பின்புறம் இருந்தது. பாறைக்கடியிலிருந்து ஒரு இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தப்திக் அதைப் பார்த்தபடியே பேசினான்.

"எங்கம்மா பெட்டியை நான்தான் அடிச்சேன். ஆப்பிள் பெட்டிப் பலகை. ஆணி போதாம கம்பி வெச்சுக் கட்டினேன்."

மாஹிரா கையை நீட்டிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள்.

"கறுப்பு மூடியைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. உங்க கரும்பலகை. அதுல நான் கணக்குப் போட்டு அடி வாங்கியிருக்கேன். நிறுத்துங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், டீச்சர். அதுக்குள்ள எங்கப்பா குழிக்குள்ளயே எறங்கி மூடியைக் கட்டிக்கிட்டாரு. நுபார்னு கூப்பிட்டாரு. எத்தனை வருஷத்துக்கப்புறம் அவர் வாயிலேர்ந்து வந்த முதல் பேச்சு, தெரியுமா? என்னால முடியல."

"அப்புறம் ஏன் டீக்கடையில போய்க் கதை சொன்னே? மின்னுச்சு, பளபளத்துச்சுன்னு?"

"உங்க காதுக்கு எட்டணும்னுதான். நேர்ல வந்து சொல்ல தைரியம் இல்ல. கறுப்பு மூடின்னு சொன்னா ஷிர்ஸாத் புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன். அவன் அல்வா தின்னுட்டுப் போயிட்டான்." அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். "நீங்க சொன்னா அப்பா தாங்க மாட்டாரு. இல்ல, செத்துட மாட்டாரு. மறுபடி சுவத்தைப் பார்த்து உக்காந்துடுவாரு. அதுதான் எனக்குப் பயம். சொல்லக் கூடாதுன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. உங்கம்மா அவங்க. நீங்க சொல்லுங்கன்னா நானே போய்ச் சொல்றேன், இப்பவே."

"உங்கம்மா அங்க திறந்து கிடக்கறாங்க, தப்திக். இன்னிக்குள்ள மூடணும், இல்ல எடுக்கணும்."

தப்திக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டான். "அவங்களை நான் இங்க கொண்டுவந்தா அப்பா யாருன்னு கேப்பாரு. உங்க ஊருக்குக் கொண்டு போயிடுங்க டீச்சர். உங்கப்பா பக்கத்துல வேணாம், ஒரு ஓரமா. அந்த உப்புல தனியா விட்டுடாதீங்க. நான் வெள்ளிக்கிழமை தவறாம வந்து துஆ ஓதிட்டுப் போறேன்" என்றான்.

"கல்லுல யார் பேரை எழுதட்டும்?"

நுபார் என்று எழுதினால் நாளைக்கே செய்தி சரிபுலாக்குக்கு வந்துவிடும். இரண்டு ஊருக்கும் நடுவில் சொந்தக்காரர்கள் இல்லாத வீடு ஏது? சயாலி என்று எழுதினால் அம்மா உலகத்தில் இல்லாமலேயே போய்விடுவாள், இங்கே பேரில்லாமல், அங்கே உடம்பில்லாமல். ஒன்றும் எழுதாமல் விட்டால் அந்தப் பாவப்பட்டவள் திரும்பவும் யாருமற்றவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண் வெளியே நிற்கிறாள். மேலே ஏறினவர்கள் இறங்கி வருவார்கள் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தபோது, தன் படிப்பின் மேலேயே அவளுக்குக் கசப்பு பொங்கியது. அம்மா அந்தக் குளிர்காலத்தில் சாகவில்லை. இப்போதுதான், இந்தக் குழாயடியில், நல்ல வெயிலில் செத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது கிழவர் பெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். காலையிலேயே பிடித்து வைத்த ஊற்றுத் தண்ணீர்.

"உங்கம்மாவை எப்ப ஊருக்குக் கொண்டு போறீங்க, கண்ணு?"

மாஹிரா தப்திக்கைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்து நின்றான். சொல்லிவிடு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"தெரியல, பெரியப்பா."

"தள்ளிப் போடாதே. பெத்தவளை வழியில நிறுத்தி வெக்கக் கூடாது. இந்தா, இதைக் கொண்டு போ. கொண்டுபோய் வெச்சதும் தலைமாட்டுல ஊத்து. நுபார் அனுப்பிச்சான்னு சொல்லு. ரெண்டு பேரும் ஒரே அடுப்புல ரொட்டி சுட்டவங்க. உங்கம்மா கை நெருப்புல பட்டா இவ ஊதுவா."

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. கைப்பைக்குள் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கியது. ஷிர்ஸாத்தாகத்தான் இருக்கும், கூலியாட்கள் கேட்கிறார்கள், முல்லா கேட்கிறார், மூடவா, எடுக்கவா. அவள் எடுக்கவில்லை. கறுப்புக் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, பாட்டில் மூடியைத் திருகி, தலைமாட்டில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள்.

"அடடா, அது உங்கம்மாவுக்குக் கொடுத்ததாச்சே!"

"தெரியும், பெரியப்பா."

கிழவர் சிரித்தார். பல்லில்லாத வாயில் மனசார வந்த சிரிப்பு. "சரி சரி, ஊத்து. இவளுக்கு எப்பவுமே தாகம் ஜாஸ்தி. உனக்கு நான் வேற பிடிச்சுத் தர்றேன். தப்திக், பாட்டில் கொண்டாடா!"

தப்திக் அசையவில்லை. தண்ணீர், கல்லில் செதுக்கிய நெற்றியில் விழுந்து, எரிச்சலான கண்களைத் தாண்டி, முக்காட்டுப் பூக்களின் வழியாக இறங்கி மண்ணுக்குள் போனது. மண் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. பைக்குள் தொலைபேசி நின்று, மறுபடி ஒலித்தது. மாஹிரா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிடித்திருந்தாள். ஈரமான இடம் ஓர் ஆள் தலையளவுக்குக் கறுத்து நின்றது. வெயில் அதை ஓரத்திலிருந்து உலர்த்திக்கொண்டு வந்தது.